தையல்காரர் கத்தி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதான். ஆனால் இந்த முறை அது நிஜம், அதனால் நிதானமாகப் படி.

முதலில் ஒரு வேண்டுகோள். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன், மாதக் கடைசியில் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிக்காமல் அதை யாரிடமும் கொடுத்துவிடாதே. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதை முடித்துவைப்பாய். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கடிதத்தில்தான் என்னை யாரும் குறுக்கிட முடியாது.

அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது நீ லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டாய். கட்டுப் பிரித்தபோது நீ இல்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மடங்க மறுத்தன. கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், இதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், இடது கையைப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று இதமாகத்தான் சொன்னாள். உன் அம்மாவும் "சரிங்க" என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான், அப்புறம் எழுந்திருக்க மனமே வரவில்லை.

சமையல் என் தலையில் விழுந்தது. இந்த இடத்தில் நீ சிரித்துக்கொள்ளலாம். ஒரு நாள் உருளைக்கிழங்கை மண்ணோடு வேகவைத்து, தோலோடு வதக்கி, பெருமையோடு பரிமாறினேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. நான் வெந்நீர் போட்டால்கூடப் பதம் தப்பிவிட்டது என்று சொல்கிறவள் அவள். அவள் குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள் என்றால் வீட்டில் ஏதோ பெரிய கோளாறு என்றுதானே அர்த்தம்.

வேலையை விடப்போவதாக நீ சொன்ன அன்று, போனை வைத்ததும் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். கத்தியை இடது கையில் பிடித்து ஒரு வெங்காயத்தை நறுக்கப் பார்த்தாள். கத்தி கோணிக்கொண்டு போயிற்று, வெங்காயம் உருண்டு அடுப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கத்தியைக் கழுவித் துடைத்து, அலமாரி அடித்தட்டில் கந்தல் துணிகளுக்குக் கீழே செருகிவிட்டு, "என் கை போனது போதாதா, அவ வேலையும் சேர்ந்து போகணுமா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள். மூன்று வருஷம் பரீட்சை மேல் பரீட்சை எழுதி, பாலம் கட்டுகிற அந்தக் கம்பெனியில் நீ இடம் பிடித்த கதையைத் தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னவள் அவள்தான். அவளை உள்ளுக்குள் அரித்தது கைவலி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி என் வீரப்பிரதாபத்தைக் கேள்.

நம் கறிக்கடைக்காரர் மேலங்கி தைக்க என் தையல் கடைக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் அம்மா விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் பயன்படுத்துகிற கத்தியை ஒரு பக்கம் மட்டும்தான் சாணை பிடிப்பார்களாம். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம், இடது கைக்காரருக்கு மறுபக்கம். மாற்றிப் பிடித்தால் கோணத்தான் செய்யுமாம். நம் வீட்டுக் கத்தியும் அந்த ரகம்தான். அவருடைய கத்திகள் எல்லாம் பக்கத்து ஊர் இரும்புக்கடைத் தெருவில், ஒரு பட்டறையில் கையால் அடித்தவை. "ஆனா ஒண்ணு, யாருக்குக் கத்தியோ அவங்க நேர்ல போகணும். பட்டறைக்காரர் சம்சாரம் காயை எடுத்து முன்னால வைக்கும், வெட்டிக் காட்டணும். இல்லேன்னா ஆர்டர் எடுக்க மாட்டாங்க" என்று எச்சரித்தார்.

நான் அதைக் காதில் வாங்கினேன், மூளைக்கு அனுப்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டால் வரமாட்டாள். கத்தியைச் சட்டென்று கையில் கொடுத்து அசத்திவிடலாம் என்று கணக்குப் போட்டு, லைனிங் துணி வாங்கிவருவதாகப் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பட்டறையில் நிற்க இடமில்லை. ஹோட்டல் சமையல்காரர்கள், தோட்ட வேலை செய்கிறவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற ஒரு ஜோடி என்று பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே உலையில் இரும்பு செக்கச்செவேலென்று காய்ந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரருக்குச் சம்மட்டிச் சத்தத்தில் காது மந்தம், அதனால் பேச்சுவார்த்தை எல்லாம் அவர் மனைவி பொறுப்பு. வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் பலகை, பக்கத்தில் ஒரு கூடைக் காய். என் முறை வந்ததும் அந்த அம்மாள் ஒரு வெங்காயத்தை என் முன்னால் வைத்தார். என் மனைவிக்கு என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாரே. அதனால் எனக்கு இடது கைக் கத்தி வேண்டும் என்று சொல்லிவிட்டு, இடது கையாலேயே வெட்ட ஆரம்பித்தேன்.

அந்தக் கண்றாவியை நீ பார்த்திருக்க வேண்டும். பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பாவப்பட்டுப் போய், "கைக்கு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார். நான் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். பட்டறைக்காரர் எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்து, விரித்து, மடக்கி, உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். மறுவாரம் வரச் சொன்னார்கள். போனேன், வாங்கினேன், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். எடுத்துப் பிடித்தாள். பிடி அவள் கைக்குள் அடங்கவே இல்லை, துடுப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது யார் அளவு?" என்றாள். கடைசியில் வெங்காயம், சட்டைப் பை, சோக முகம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சிரித்தாள் கண்ணு. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஊர்ல வர்றவங்களை எல்லாம் 'ஆளைக் கூட்டிட்டு வாங்க, அடுத்தவங்க அளவுல தைக்க மாட்டேன்'னு விரட்டுவீங்களே, உங்களுக்கு எங்கே போச்சு புத்தி?" என்றாள். உண்மைதானே. கடை வாசலில் நானே அதைப் போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். அந்தக் கத்தி உலகத்திலேயே ஒரே ஒரு கைக்குத்தான் பொருந்தும், அது என் இடது கை. அந்தக் கைக்கோ ஒரு வெள்ளரிக்காயை வெட்டத் தெரியாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அவள் சிரிப்பை நிறுத்தக் கூடாதே என்று இன்னொரு முறை அந்த முகத்தைச் செய்து காட்டினேன். சிரித்து ஓய்ந்தபிறகு அவளாகவே, "நாளைக்குப் போவோம்" என்றாள்.

போனோம். பட்டறைக்கார அம்மாள் என்னைக் கண்டதும் அக்கறையாக, "கை தேவலையாண்ணே?" என்றார். "கைக்கு ஒண்ணுமில்லம்மா, கோளாறு மேல" என்று உன் அம்மா என் தலையைக் காட்டினாள். பெஞ்சே குலுங்கியது. நான் உலையை வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் அவள் முன்னாலும் ஒரு உருளைக்கிழங்கு வந்தது. கடையில் இருந்த ஒரு இடது கைக் கத்தியைக் கொடுத்தார்கள். வலது கையின் பின்புறத்தால் கிழங்கை அமுக்கிக்கொண்டு வெட்டினாள். முதல் வெட்டிலேயே கிழங்கு நழுவிக் கீழே விழுந்தது. வீட்டில் கத்தியைத் துணிக்கடியில் செருகியதுபோல் இங்கேயும் எழுந்து நடந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் குனிந்து, அதே கிழங்கை எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி பலகையில் வைத்தாள்.

பட்டறைக்காரர் அவள் வலது கையைப் பார்த்தார். மடங்காத விரலை மடக்கிப் பார்க்கவில்லை. இந்தக் கையால் எதுவெல்லாம் முடியும் என்று மட்டும் கேட்டார். "அமுக்க முடியும்" என்று உரக்கச் சொன்னாள். அப்படியென்றால் அதுவும் வேலை செய்யட்டும் என்றார். கத்தியின் முதுகை அகலமாக விட்டு, உள்ளங்கை வைத்து அழுத்த வசதியாக மழுமழுவென்று தேய்த்துத் தருகிறேன், வாய்ப் பக்கம் வளைவாக இருக்கும், தூக்காமல் ஆட்டி ஆட்டியே நறுக்கலாம் என்றார். நீளம் எவ்வளவு என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. அவர் நீளமாக வேண்டும் என்கிறார், இவள் குட்டையாகப் போதும் என்கிறாள். அவருக்குக் காது கேட்காது, இவள் குரல் தெருக்கோடி வரை போகிறது. இத்தனை மாதமாக வீட்டில் "ம்" கொட்டிக்கொண்டிருந்தவளா இவள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில் ஜெயித்தது அம்மாதான். நான் கொண்டுபோன என் கத்தியை அந்த அம்மாள் வாங்கி வாசல் ஆணியில் மாட்டிவிட்டார். இனிமேல் யாராவது வீட்டுக்காரிக்கு வேண்டும் என்று தனியாக வந்தால், "முதல்ல இந்தத் தையல்காரர் கத்தியைப் பாருங்க" என்று காட்டப்போகிறாராம். மானம் பஸ் ஏறிவிட்டது.

கத்தி தயார் என்று போன் வந்த அன்று, எனக்குப் பள்ளிச் சீருடை வேலை கழுத்தை நெரித்தது. நாளைக்குப் போகலாம் என்றேன். உன் அம்மா தனியாகவே போய் வாங்கி வந்துவிட்டாள். இதை மறுபடி ஒரு முறை படித்துக்கொள். தனியாக, பஸ் ஏறி.

இப்போது சமையலறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. அம்மா இடது கையால் பிடியைப் பிடித்து, வலது உள்ளங்கையைக் கத்தியின் முதுகில் வைத்து அழுத்தி, தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே நறுக்குகிறாள். நேற்று முழு முட்டைக்கோஸ் ஒன்றை நறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் முன்பு உப்பைக் கூட்டியும் குறைத்தும் போட்டது, மண் கிழங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போது வட்டியோடு திட்டு விழுகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, கண்ணு.

உன்னிடம் மறைக்க மாட்டேன். எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. துண்டுகள் ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாகத்தான் வருகின்றன, அதைப் பார்த்து அவளே எரிச்சல்படுகிறாள். முன்பு அரைமணியில் முடித்ததற்கு இப்போது காலை முழுக்க ஆகிறது. ஜாடி மூடி திறப்பதும் துணி பிழிவதும் என் வேலை. தலை பின்னிவிடுவதும் நான்தான். என் பின்னல் தையல் போட்டதுபோல் இழுத்துப் பிடிக்கிறதாம், புருவம் மேலே ஏறிவிடுகிறதாம். குளிர் நாளில் கை வலிக்கிறது, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நானும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இதெல்லாம் எங்களால் முடியும். நீ வந்து செய்ய வேண்டிய அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நீ எங்கள்மேல் வைத்திருக்கிற பாசத்தில்தான் வருகிறேன் என்கிறாய், அது தெரியாமல் இல்லை. ஆனால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால், அம்மா காலத்துக்கும் தன் கையைப் பார்க்கும்போதெல்லாம் உன் வேலையை நினைப்பாள். அவளை மறுபடி அந்த ஜன்னலோரம் கொண்டுபோய் உட்காரவைத்துவிடாதே. அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அம்மா உனக்குச் சொல்லச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "வேலையை விட்டுட்டு வந்தா சோறு கிடையாது. லீவு போட்டுட்டு வந்தா, நானே நறுக்கி, நானே ஆக்கிப் போடுவேன்."

நீ நன்றாக இருக்க வேண்டும். நீ வரைகிற பாலத்தில் ஊரெல்லாம் பத்திரமாக நடக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. வரும்போது, திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வா. அதைக் காட்டினால்தான் அம்மா கதவைத் திறப்பாளாம். அதில் தேதி மட்டும் உன் இஷ்டம். கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா