குருமனைக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டவள்

என் ஞானம் அக்காளுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீ படிக்கமாட்டாய் என்கிற தைரியம்தான், வேறென்ன?

நீ போதகரைக் கல்யாணம் செய்து, சபை அவருக்குக் கொடுத்த குருமனைக்குப் போனாய். நான் போதகருக்குக் கீழே ஊழியம் செய்கிற ஓர் உபதேசியாரைக் கட்டி ஓலைக் கூரைக்குள் போனேன். உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் உன்னையா பார்த்தேன்? ஓட்டுக் கூரையையும், கண்ணாடி ஜன்னலையும், பின்வாசல் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணற்றையும்தான் பார்த்தேன்.

அத்தான் காய்ச்சலில் போனார். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் குருப்பட்டம் கிடைத்திருந்தது. சபை அவரையே அங்கே போதகராக வைத்து, குருமனையையும் கொடுத்தது. நீ காலி செய்வதற்கு முன்பே வந்து நின்றேன். எங்கே எதை வைக்கலாம் என்று அறை அறையாக நடந்தேன். நீ துணிகளை மடித்துக்கொண்டே, "தெக்கு அறையில மழ ஒழுகும் மக்கா, கட்டில அங்கன போடாத" என்றாய்.

நீ தெற்குத் தெருவில் ஒற்றை அறைக்குப் போனாய். ஆசைப்பட்ட வீடு எனக்குக் கிடைத்தது. என்னைத் தேடித்தான் ஒருவரும் வரவில்லை. காலையில் நீ குடத்தோடு குருமனைக் கிணற்றுக்கு வருவாய், பின்னாலேயே பெண்கள் வருவார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் மாமியார் சண்டையும் எல்லாம் உன்னிடம்தான். ஒருநாள் ஒருத்தி, போதகர் மனைவியைக் கூப்பிடுகிற முறையில், "ஐயரம்மா" என்று கூப்பிட்டாள். அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். அவள் கூப்பிட்டது உன்னை.

மறுநாள் பின்வாசல் கேட்டைப் பூட்டிவிட்டேன். நீ வந்து நின்றாய்.

"ஏட்டி கிருபை, சாவி தொலஞ்சு போச்சா?"

"ஐயருதான் பூட்டச் சொன்னாவ அக்கா. வெளி ஆளுவ வரப்பிடாதாம்."

என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லவே இல்லை. "செரி மக்கா" என்று வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தாய். பெண்கள் கேட்டதற்கு, குளத்தங்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றாயாம். பூட்டு எதற்கு என்று அவர் கேட்டார். மாடு வருகிறது என்றேன். அவர்தான் சொன்னார் என்று நம்பியே போனாயா? இல்லை, அன்றைக்கே என் முகத்தில் தெரிந்துவிட்டதா? நீ சண்டை போட்டிருந்தால் உன்னை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எரிந்தது எனக்கு. நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று எண்ணினேன். நீ பெட்டிக்குள் கிடக்கிறாய், நான் தலையை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்கு இப்போது மாற்றல். நேற்று புதுப் போதகரின் மனைவி நாகர்கோவிலிலிருந்து வில்வண்டியில் வீடு பார்க்க வந்தாள். சின்னப் பெண். உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "ஞானம் ஐயரம்மா இருந்த வீடு இதுதானே?"

நானும் இங்கே ஏழு வருஷம் இருந்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பெயரில் நான் சொன்ன பொய்யை இன்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் கூடும்போது, உன்னை வெளி ஆள் என்று சொன்ன வாய் என்னுடையது என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. அதற்குப் பிறகு அவர்களுக்கு உன்மேல் பிரியம் இன்னும் கூடும். அதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அக்கா.

உன் சித்தி மகள்,
கிருபை