அந்த டிராக்டர் மேல் தவறில்லை, அக்கா

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் மகள் பியூலா டிராக்டர் வாங்கிவிட்டாள். இந்தச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சபையின் மாத இதழில் உனக்கு நினைவுக் கடிதம் எழுத இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். படத்துக்குக் கீழே ஒரு வசனம், நாலு வரி, அது போதுமே என்றார் இதழை நடத்துகிறவர். நாலு வரியில் அடங்காது ஐயா என்றேன். களக்காட்டில் உன்னைத் தெரிந்த எல்லோர் வீட்டுக்கும் அந்த இதழ் போகிறது. அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அத்தான் நெஞ்சுவலியில் போன பிறகு இரண்டு ஏக்கர் ஏத்தன் வாழையையும் நீ ஒற்றையாகத்தான் பார்த்தாய். நான் பாளையங்கோட்டையில் ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, உன் கையால் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிறவன். மண் கொத்திக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. வாடகைக்கு வருகிற பெரிய டிராக்டர் வாழை வரிசைக்குள் நுழையாது. அப்போதுதான் நீ மினி டிராக்டர் பேச்சை எடுத்தாய்.

"ஏலே, நீ படிச்சவன். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு. ஆனா எனக்குப் பேருள்ள கம்பெனிதான் மனசுல நிக்கி. களக்காட்டுல எந்த மெக்கானிக்கக் கூப்பிட்டாலும் அதுல கை வைப்பான். நாளைக்கு விக்கணும்னாலும் வாங்க ஆள் வரும்லா."

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு அப்போது ஒரு வெறி பிடித்திருந்தது. மூன்று மாதம் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். நோட்டுப் போட்டு எழுதினேன். எது எவ்வளவு எடை தூக்கும், எத்தனை அடி அகலம், எவ்வளவு இடத்தில் திரும்பும், டீசல் எவ்வளவு குடிக்கும் என்று எனக்கு எல்லாம் அத்துப்படி. வாழ்நாளில் ஒரு நாளும் டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததில்லை, அது வேறு.

"பேருக்கு எதுக்குக்கா காசு குடுக்கணும்? ரெண்டும் ஒரே இழுவை. புதுக் கம்பெனி வண்டில நாலு சக்கரமும் இழுக்கும், அகலமும் கம்மி. உன் வாழைல ஒரு மட்டை உரசாம போயிட்டு வரலாம். மிச்சமாவுத காசுல மண்ணக் கிளறுத ரோட்டவேட்டரே வாங்கிரலாம்."

நீ இரண்டு நாள் யோசித்துவிட்டு போன் பண்ணினாய். "சரிலே. உன் பேச்ச நம்பி வாங்குதேன்."

நாங்குநேரி ரோட்டில் அந்தப் புதுக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்திருந்தவர் பரமசிவம் அண்ணாச்சி. வண்டியை அவரே கொண்டுவந்து இறக்கினார். மூன்று நாள் கூடவே நின்று உனக்கு ஓட்டப் பழக்கினார். வண்டிக்குப் பின்னால் ரோட்டவேட்டரைச் சுழற்றுகிற இரும்புத் தண்டின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் ஒன்று மூடியாக இருக்கும். அதை விரலால் தட்டி, "தாயி, இந்த மூடி ஆடுச்சுன்னாலோ, ஒடைஞ்சிச்சுன்னாலோ எனக்கு ஒரு போன் போடு. நீயா கை வைக்காத" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதிலும் விழுந்தது.

வண்டி சோடை போகவில்லை, அக்கா. இரண்டு வருஷம் ஒரு நாள்கூட நடுக்காட்டில் நின்றதில்லை. நீ சேலைக்கு மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு வாழை வரிசைக்குள் ஓட்டிப் போவதை வேலிக்கு வெளியே நின்று ஆம்பிளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. நான் தேர்ந்தெடுத்த வண்டி என்று ஆபீஸில் சொல்லித் திரிந்தேன்.

இனி சொல்ல வேண்டியது.

நீ போவதற்கு முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூடியைச் சுற்றாமல் பிடித்து நிறுத்துகிற சின்னச் சங்கிலி அறுந்து, மூடியும் தண்டோடு சேர்ந்து கடகடவென்று சுற்றியது. "ஒரே சத்தமா கெடக்குலே, அண்ணாச்சிக்கு ஒரு போன் போடு" என்றாய். போட்டேன். சாமான் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை ரோட்டவேட்டரைப் பூட்ட வேண்டாம் என்றார். மழைக்கு முன்னால் மண் கிளற வேண்டும் என்று உனக்கு அவசரம். நான் அத்தானின் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்து, அந்த மூடியை நீளவாக்கில் அறுத்து எடுத்து, குப்பைக் குழியில் போட்டேன். பத்து நிமிஷ வேலை.

நீ கேட்டாய். "இது இல்லாம ஓட்டலாமாலே? ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"அது சும்மா தூசி படாம இருக்கதுக்குக்கா. ஒண்ணும் ஆவாது."

எனக்கு அது தெரியுமா? தெரியாது. தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. மூன்று மாதம் நோட்டுப் போட்டவன் அல்லவா? சாமான் வந்துவிட்டது, மாட்டித் தரட்டுமா என்று அண்ணாச்சி அடுத்த வாரம் போன் செய்தார். நாங்களே சரி பண்ணிவிட்டோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு உன் பக்கத்துத் தோட்டக்காரர் ஆபீஸுக்குப் போன் செய்தார். ரோட்டவேட்டரில் வாழை நார் சுற்றியிருக்கிறது. இன்ஜினை நிறுத்தாமல் இறங்கிப் போய்க் குனிந்திருக்கிறாய். வெறும் தண்டு உன் சேலையைப் பிடித்துக்கொண்டது. நீ பட்டது உனக்குத் தெரியும். நான் பார்த்தது எனக்குத் தெரியும். அதற்கு மேல் இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன்.

அந்த நேரத்தில் என்னை நினைத்தாயா, அக்கா?

போலீஸ் வந்தது, எழுதியது, விபத்து என்று முடித்தது. உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வருவதற்குள் ஊர் ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தது. வெலை கம்மின்னு வாங்குன வண்டி ஆளைக் கொன்னுட்டு. பேருள்ள கம்பெனின்னா இப்படி ஆயிருக்குமா? என் தோளில் கை வைத்து, "நீ என்னப்பா செய்வ, நல்லதுன்னு நெனச்சுத்தான வாங்கிக் குடுத்த" என்று ஆறுதல் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பான வண்டியைத் தேர்ந்தெடுத்தவன் என்ற சின்னப் பழியைத் தூக்கிக்கொண்டால் பெரிய பழி மறைந்துவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டேன். ஜனங்கள் எனக்காக ஜெபம்கூடப் பண்ணினார்கள்.

அந்த வண்டி தன் கண்ணில் படக்கூடாது என்று பியூலா கத்தியதால், அடுத்த மாதம் அண்ணாச்சியே வந்து எடுத்துப் போனார். வாசலில் நின்று அவள் அவரைப் பேசாத பேச்சு இல்லை. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"மூடி எங்க தம்பி?"

"தெரியலையே அண்ணாச்சி."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு களக்காட்டில் ஒருத்தரும் அவரிடம் வண்டி வாங்கவில்லை. ஆறு மாதத்தில் ஏஜென்சி போய், கடையையும் மூடினார்.

பியூலா திருநெல்வேலி ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு உன் வாழைக்கு வந்துவிட்டாள். வண்டி இல்லாமல் முடியாது என்று அவளுக்கும் சீக்கிரமே தெரிந்துபோனது. இரண்டு மாதத்துக்கு முன்னால், "மாமா, கூட வாங்க. இந்தத் தடவ பேருள்ள கம்பெனிதான்" என்று கூப்பிட்டாள். பைபாஸ் ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம். நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்ற முடிவோடு போனேன்.

விற்கிற பையன் நல்லபடியாகத்தான் பேசினான். நாங்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. விலை கொஞ்சம் அதிகமா இருக்கே என்று பியூலா ஒரு பேச்சுக்குச் சொன்னாள்.

"அக்கா, வெலையப் பாத்துட்டு வேற கம்பெனிக்குப் போயிராதீங்க. போன வருஷம் களக்காட்டுப் பக்கம் ஒரு பொம்பள அந்த வண்டில சேலை சுத்திச் செத்துச்சு, தெரியும்லா? ஏஜென்ட் கடையவே பூட்டிட்டு ஓடிட்டாரு. நம்ம வண்டில அப்படி ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா? பேருன்னா சும்மாவா?"

பியூலா கையில் வைத்திருந்த விலைத்தாளை மேஜையில் வைத்தாள். "அது எங்கம்மா" என்றாள்.

அந்தப் பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மன்னிச்சிருங்கக்கா, தெரியாம சொல்லிட்டேன் என்று கும்பிட்டான். உன் சாவு அந்தக் கடையில் சரக்கு விற்கிற பேச்சாகிக் கிடந்தது, அக்கா. அதை அப்படி ஆக்கியது அவனா? என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்தது.

"தம்பி, அது வண்டி தப்பு இல்ல. மூடி போட்டுத்தான் குடுத்தாங்க. அறுத்துப் போட்டது நான்."

"என்ன மாமா சொல்லுதீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடை, குப்பைக் குழியை, அண்ணாச்சியின் போனை. முடித்ததும் பியூலா இரண்டே கேள்வி கேட்டாள்.

"அம்மா உங்ககிட்ட கேட்டாளா, ஆபத்தான்னு?"

"கேட்டா. ஒண்ணும் ஆவாதுன்னேன்."

"அண்ணாச்சிய நான் வாசல்ல நிக்க வச்சு நாக்கப் பிடுங்குத மாதிரி கேட்டப்ப, நீங்க எம்பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

எழுந்து போய்விட்டாள். வெளியே வந்து பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த பஸ்ஸில் ஏற எனக்குக் கால் வரவில்லை.

நாலு வாரம் என் போனை அவள் எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள்.

"வண்டி வாங்கிட்டேன். பேருள்ள கம்பெனிதான். நீங்க அன்னைக்குப் போட்ட கணக்கு தப்பில்ல மாமா, நானும் ரெண்டையும் பாத்துட்டேன். அந்த வண்டிதான் நம்ம தோட்டத்துக்குத் தோது. ஆனா நீங்க தெரிஞ்செடுத்த வண்டில என்னால ஏறி உக்கார முடியாது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"மன்னிச்சிருன்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கு அது வரல. வருமான்னும் தெரியல. வாழைக்கு முட்டுக் குடுக்க ஆள் இல்ல, சனிக்கிழம வாங்க. வண்டி பக்கம் மட்டும் வரக்கூடாது."

போனேன். புது வண்டி பழையதைவிட நாலு விரற்கடை அகலம். போகிற வழியெல்லாம் மட்டை உரசுகிறது. இரண்டு வாழைக் கன்றில் தோல் உரிந்திருந்தது. பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. நான் தூரத்தில் கம்பு நட்டு வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் ரோட்டவேட்டரில் எதுவோ சுற்றிக்கொண்டது. வண்டி நின்றது. அவள் உடனே இறங்கவில்லை. இன்ஜினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டு இறங்கி, தண்டு அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பின்பக்கம் போனாள். அவள் மறுபடி ஏறி உட்காருகிறவரை நான் பிடித்த கம்பை விடவில்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

போன வாரம் அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். வீட்டு முன்னறையில் மோட்டார் சாமான்களும் பைப்பும் வைத்து விற்கிறார். சொல்ல ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கே தெரியும் வே. தண்டுல பிளேடு பட்ட தடம் கண்ணுக்குத் தெரியாதா?"

"ஏன் அண்ணாச்சி ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"செத்த வீட்டுல நின்னுக்கிட்டு, கூடப் பொறந்தவனக் கைகாட்டி என்னத்தச் சொல்ல? நீரே சொல்லுவீர்னு இருந்தேன். ஒரு வருசமா இருந்தேன்."

அவர் வீட்டம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை.

அக்கா, உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிற உன்னிடம் கேட்பது சுலபம். உயிரோடு இருக்கிறவளே கேட்காதே என்று சொல்லிவிட்டாள். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த இதழ் அச்சாகி வந்ததும் களக்காடு பஜாரில் கடை கடையாக ஏறுவேன். பரமசிவம் அண்ணாச்சி விற்ற வண்டியில் குறை ஒன்றும் இல்லை, என் அக்கா சாகக் காரணம் நான்தான் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லுவேன். தோளில் கை வைத்தவர்கள் கையை எடுத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமைதோறும் உன் வாழைக்குப் போவேன். பியூலா என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, அவள் வர வேண்டாம் என்கிற நாள்வரை போவேன்.

நீ நம்பிய, நம்பிக் கெட்ட,
உன் கூடப்பிறந்த தம்பி,
தங்கராஜ்