இரவல் போன சரித்திரப் புத்தகம்

1940, ஐப்பசி, வெள்ளி இரவு.

வல்லரசுகளின் சரித்திரம் பற்றிய அந்த இங்கிலீஷ் புத்தகத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தவன் நான். இரவல் வாங்கிப் படித்தவர் பள்ளிக்கூட வாத்தியார் சவரிமுத்து. இன்று மாலை ராசிபுரம் வாசகசாலையில் அதைப் பற்றிப் பேசினார். போன யுத்தத்தின் உடன்படிக்கையே இந்த யுத்தத்தைக் கொண்டுவந்த விதத்தை, பங்காளிகளின் வரப்புச் சண்டைபோல் விளக்கினார். கூட்டம் அசையவில்லை. பெண்கள் பக்கம் இருந்த என் மனைவி வள்ளியம்மாள் கண் இமைக்காமல் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

முடிந்ததும் எல்லோர் முன்னாலும், "என்ற புஸ்தகத்தைக் குடுங்க, வாத்தியாரே" என்றேன்.

அவர் முகம் வாடியது. "அடுத்த வாரம் ஜப்பானைப் பத்திப் பேசோணும். இன்னும் படிச்சு முடிக்கலீங்க" என்றபடியே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நானே அவளுக்குப் படித்து விளக்கினேன். இரண்டு பக்கத்தில் கொட்டாவி விட்டாள்.

"அவரு சொன்னா வெளங்குதுங்க. நாளைக்கே திருப்பிக் குடுத்துருங்க. ஜப்பான் கதை பாக்கி இருக்குதில்லீங்க?"

அவள் தூங்கிவிட்டாள். ஜப்பான் வரும் அத்தியாயத்தைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த மனிதர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கே ஆசை வருகிறது. அதுதான் இன்னும் அதிகமாக எரிகிறது.