வேண்டுமென்றே குறைத்த மதிப்பெண்

பயிற்சி முகாம்,
மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் குட்டிச்சுவர் எழுதுவது. கோல்கீப்பர் ஆன பிறகாவது 'சுவர்' என்று மரியாதையாகக் கூப்பிடலாம். நீயா கூப்பிடுவாய்! செல்போனை எல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடுதாசி.

அம்மாவிடம் சொல்லாதே. நேற்று ஒரு பந்தைப் பாய்ந்து பிடிக்கப் போய்க் கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றே புரியவில்லை. இப்போது வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, அவ்வளவுதான். டாக்டரம்மா பத்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பாஸ்!

எப்படி என்று கேள். முகாமுக்கு வந்த முதல் நாளே இதே தேர்வை வைப்பார்கள். யாருக்காவது அடிபட்டால் மறுபடி வைத்து, இரண்டு மார்க்கையும் ஒப்பிடுவார்கள். கேப்டன் அக்கா அன்றைக்கே என் காதைக் கடித்தாள்: "முதல் தடவை மக்கு மாதிரி பதில் சொல்லுடி. அப்பத்தான் பின்னால மண்டை கலங்கினாலும் மார்க் குறையாது." இங்கே எல்லாரும் அப்படித்தான். நான் பத்தில் நான்கைத்தான் சொன்னேன். நடிப்பில் எனக்கு முதல் பரிசு.

இருபதாம் தேதி தேர்வு ஆட்டம். அதில் நின்று காட்டினால் அணியில் இடம்.

உன் செல்லத் தொல்லை,
குட்டிச்சுவர்


மார்ச் 9

குட்டிச்சுவரே,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது மறந்துவிட்டதா? பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, உயரத்திலிருந்து இரும்பின் மேல் போட்டு, உள்ளே இருக்கும் கருவி என்ன சொல்கிறது என்று பார்க்கிறவன். மண்டை ஓடு உடைய வேண்டியதே இல்லை. மூளை உள்ளே குலுங்கும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அது ஆறுவதற்குள் இன்னொரு அடி, சின்ன அடியாகவே இருக்கட்டும், மூளை வீங்கி ஆளையே கொண்டுபோய்விடலாம்.

கருவியை நம்புவதற்கு முன் அதன் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். நீங்கள் பூஜ்யத்தையே நகர்த்தி வைத்துவிட்டுப் பல்லைக் காட்டுகிறீர்கள். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற கடைக்காரனாவது அடுத்தவனை ஏமாற்றுகிறான். நீ யாரை ஏமாற்றுகிறாய்?

உன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நாம் அதைக் காலி செய்து மூன்று வருஷம் ஆகிறது. புது வீட்டுச் சுவரில் கதவு எண்ணைப் பெயின்டால் எழுதியதே நீதான்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல். இன்றே.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

முகவரி ஏதோ பழக்கதோஷம். அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? நீ எப்போதும் இப்படித்தான், தும்மினால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வாய். தலைவலி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நேற்று பந்து இரண்டாகத் தெரிந்தது. இரண்டையும் பிடித்துவிட்டேன், போதுமா?

இரண்டாவது கீப்பர் ஒருத்தி வாய்ப்பு எப்போது என்று காத்திருக்கிறாள். நான் உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து முழங்கால் தோலெல்லாம் போக நான் விழுந்து புரண்டது அவளுக்காகவா? கேப்டன் அக்காவையும் மாட்டிவிட்ட பாவம் வேறு எனக்கு வேண்டுமா? நீ டாக்டரம்மாவிடம் வாய் திறந்தால் எனக்கு அண்ணனே இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்துவிட்டேனே. செல்போனை எல்லாம் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள்!

உன் தங்கை


மார்ச் 16

தங்கைக்கு,

செல்போன் கதையை முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டாய். இந்தக் கடிதமும் பழைய வீட்டுக்குத்தான் போயிருந்தது.

முகாம் அலுவலகத்துக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். "மார்க் சரியாத்தானே இருக்கு தம்பி?" என்றார். "சின்னப் பிள்ளையிலயே பஸ் டிக்கெட் நம்பரை எல்லாம் ஒப்பிப்பா, டாக்டர். அவளுக்குப் பத்துல நாலா?" என்றேன். மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம். பிறகு, "இன்னும் எத்தனை பேர் இப்படி?" என்று கேட்டார். "எல்லாரும்தான்" என்றேன்.

இருபதாம் தேதி நீ ஆடப்போவதில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன். திட்டுவதானால் திட்டு. ஆனால் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 21

தங்கைக்கு,

அணியில் உன் இடம் அந்த இரண்டாவது கீப்பருக்குப் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். செல்போன் கைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. அம்மாவிடம் பேசுகிறாய். பின்னால் என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாய்.

இன்று தபால்காரர் கனமான உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே, டாக்டரம்மாவிடம் பேசிய பிறகு நான் உனக்கு எழுதிய கடிதங்கள் அத்தனையும். ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை. பதிலாக ஒரு வரியும் இல்லை.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். உன் எழுத்தில் புது வீட்டு முகவரி. கதவு எண், தெரு, பின்கோடு, எதிலும் தப்பில்லை. எழுத்து கோணவில்லை. வாசலிலேயே நின்று அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இதையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பு. முகவரியை மட்டும் உன் கையாலேயே எழுது.

அண்ணன்