தீராத குளுக்கோஸ் பாட்டில்

யோவ், இன்றைக்கு மத்தியானம் நம் பால்கனியில் அந்த வாடை மறுபடியும் அடித்தது. கல் கருகும் வாடை. காசிமேட்டில் இறால் உரித்துவிட்டு, கீழே பம்பில் குடத்தை நிரப்பிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தள்ளுகிறேன், என் கையில் ஒட்டியிருந்த இறால் கவிச்சியையும் மீறி அது மூக்கில் ஏறுகிறது. குடத்தைக்கூட இறக்கி வைக்காமல் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

உன் மோட்டார் ஒயிண்டிங் கடைத் தோஸ்துதான். நீ போய்ச் சேர்ந்த பிறகு துருப்பிடித்துக் கிடந்த உன் மோதிரக் கல் தேய்க்கிற மெஷினை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டான், சரி என்றிருந்தேன். மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் வெள்ளையாக, மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னா அண்ணி, கரெண்டு பூட்ச்சா?"

"நாந்தான் புடுங்கினேன். தண்ணி எங்க?"

"சின்னக் கல்லு அண்ணி. ரெண்டு இழுப்புல முடிஞ்சிடும்."

அவனை என்னென்னவோ திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பாவம், அவன் வாங்கிக்கொண்டதில் பாதிக்கு மேல் உனக்குச் சேர வேண்டியது.

அந்த மெஷினை நீ கட்டிய நாட்கள் எனக்கு மறக்கவில்லை. கடையில் விற்கிற மெஷினை வாங்க நமக்கு ஏது வக்கு? காயலான் கடையிலிருந்து யாரோ போட்ட வாஷிங் மெஷின் மோட்டாரைத் தூக்கி வந்து நீயே செம்புக் கம்பிக் காயில் சுற்றினாய். உடைந்த கட்டிலின் இரும்புச் சட்டம் அதற்குக் காலானது. கல்லுக்குப் பளபளப்பு ஏற்ற, உன் பழைய பெல்ட்டை அறுத்துப் பலகை வட்டத்தில் ஒட்டினாய். தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு பெயின்ட் டப்பாவைப் பிளந்து மாட்டினாய். எல்லாம் முடிந்த பிறகு ஆணியடித்து மேலே தொங்கவிட்டாயே, அந்த குளுக்கோஸ் பாட்டில்! அதன் குழாயில் உள்ள சின்ன உருளையைத் தள்ளினால் சக்கரத்தின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நம் மாடியே வந்து வேடிக்கை பார்த்தது.

"பாத்துக்கினியா? கல்லுக்கே குளுக்கோஸ் ஏத்துறேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

அதன் பிறகு கடை லீவு விட்ட நாளெல்லாம் மோதிரக் கல் தேய்த்தாய். நான் வேலைக்குப் போய்விட்டு வரும்போது பால்கனியில் அந்த வாடை இருக்கும். "இன்னாய்யா கருகுது?" என்றால், "பெல்ட்டு சூடாயிட்ச்சு" என்பாய். அண்ணாந்து பார்ப்பேன். பாட்டில் கழுத்து வரை தண்ணீரோடு இருக்கும். எவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன், தீரத் தீர ஊற்றி வைக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா உன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நுரையீரல் பூரா கல் தூசி. கல் தேய்க்கும்போது தண்ணி விடமாட்டீங்களா?" என்று கேட்டார். நீ வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் பாட்டில் மாட்டிக்கீறாரு மேடம். எப்பப் பாத்தாலும் ரொம்பியே இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓடுகிற பாட்டில் எப்படி எப்போதும் ரொம்பியே இருக்கும்?

உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாய்: "கீழ பம்புலேர்ந்து அவ தூக்கினு வர்ற தண்ணி மேடம். மூணு மாடி. அத்தப் போயி கல்லு மேல எப்டி ஊத்துறது?"

பக்கத்துக் கட்டில் ஆளின் பொண்டாட்டி உச்சுக்கொட்டினாள், எவ்வளவு பாசம் என்று. பாசமாம் பாசம்! அங்கேயே உன்னை நாலு சாத்து சாத்தியிருப்பேன், நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்ததால் விட்டேன். யாருய்யா உன்னைக் கேட்டது? உன் சக்கரம் குடிதண்ணீரா கேட்டது? துணி அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், எத்தனை வாளி அதே பால்கனி ஓட்டையில் கொட்டியிருக்கிறேன், உன் கண்ணெதிரிலேயே! "அத்தக் குடுடீ" என்று ஒரு வார்த்தை. கேட்க வாய் வரவில்லை உனக்கு. என் இடுப்பு நோகக் கூடாது என்று உன் நெஞ்சில் கல்லை அரைத்துப் போட்டுக்கொண்டாய்.

கடைசி வாரத்தில் உன் கைக்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகக் கையை நீட்டி உருளையை இறுக்கினாய். "தீந்துடும்டீ" என்றாய். கையிலேயே ஒன்று போட்டேன். அந்த அடிக்காக நான் வருத்தப்படவே மாட்டேன்.

உன் சாவுக்கு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தானாம். அப்படி வைத்தவன் அந்த உயிரைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டாமா? யாருக்குத் தானம் கொடுத்தாய்? நான் வாங்கிக்கொள்ளவில்லையே.

இன்றைக்கு அந்தப் பாட்டிலைத் தேடி எடுத்து, காலையில் துணி அலசி வாளியில் வைத்திருந்த தண்ணீரை வடிகட்டி ஊற்றி, பழைய ஆணியிலேயே மாட்டினேன். உன் தோஸ்திடம் சொன்னேன்: "நான் வர்றப்போ இது காலியா கெடக்கணும். ரொம்பி இருந்துச்சு, மெஷினக் காயலான் கடையில போட்ருவேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தண்ணிக்கு உங்களுக்குத்தான் கஷ்டம் அண்ணி" என்றான்.

அதே பேச்சு! என்ன ஜென்மங்களய்யா நீங்களெல்லாம்? "என் கஷ்டத்த நான் பாத்துக்கிறேன். நீ உருளையத் தொற" என்றேன்.

திறந்தான். பிளக்கை நானே சொருகினேன். சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்தது, கல்லின் தூள் சேறாகி டப்பாவில் வழிந்தது. வாடையே இல்லை. பாட்டில் இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலியானதும் இன்னொரு முறை ஊற்றினேன். வாளி தீர்ந்ததும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

உனக்கும் இறங்கியிருப்பேன்யா. கேட்டிருந்தால்.