அணைக்காத லேப்டாப்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது. ஏகாம்பரம் காலண்டர் தாளைத் திருப்பி, தூங்கிக்கொண்டிருந்த மனைவிக்கு எழுதினார்:

"கஸ்தூரி, லேப்டாப் ரொம்ப சூடாவுது. இட்லித் தட்டைக் கவுத்து அது மேல தூக்கி வெச்சிருக்கேன், எடுக்காத. உப்புமா கிண்டிட்டேன், சட்டியில கீது, சாப்பிடு. தூசி படுதுன்னு மறுபடி லேப்டாப்ப துண்டு போட்டு மூடாத. நேத்து அதுக்குத்தான் கத்திட்டேன்."

மகன் சஞ்சய் விபத்தில் இறந்த நாளிலிருந்து அவனுடைய லேப்டாப்பை அவர்கள் அணைத்ததே இல்லை. அணைந்துவிட்டால் மறுபடி திறக்க அவனுடைய பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அவன் படங்கள், குரல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. தாளின் அடியில் நெருக்கி எழுதினார்:

"அதுவா அணைஞ்சிடுச்சுன்னா போன் பண்ணாத. வேலைல நிக்கும்போது கேட்டா தாங்க மாட்டேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் சொல்லு. கத்த மாட்டேன்."