பச்சை போன சேதுக் காசு

அக். 6, திங்கள்

சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, வாடைக் காற்று இன்னும் எழும்பவில்லை. நடுவில் இந்தப் புழுக்கம். மத்தியானம் இடி மட்டும், மழை இல்லை. பேசாலை ஊர் முழுக்கக் கருவாட்டு மணம்.

செய்ய வேண்டியது: தண்ணீர்த் தாங்கி கழுவ. பூதக்கண்ணாடி லைற்றுக்குப் பற்றரி. மனுசி பிலோமினாவின் பிறஷர் மருந்துக் குளிசை (நேற்றே வாங்கியிருக்க வேண்டும், அதற்கும் பேச்சு வாங்கியாயிற்று).

எருக்கலம்பிட்டி ஹார்ட்வெயார் கடைக் காதர் நானா வந்தார். சீலைத்துண்டில் முடிந்த ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் படுத்திருக்கும் மாடு, கீழே ‘சேது’ என்ற எழுத்து. மறுபக்கம் ஆள் நிற்கிறான். உண்மையானால் யாழ்ப்பாண அரசர் காலத்தது. மேலெல்லாம் தடித்த பச்சை.

தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவருடைய உம்மா முந்தானையில் முடிந்து கொண்டுபோனாராம். அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது இது ஒன்றுதான். உம்மா அகதியாகப் போன புத்தளத்திலேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கம். நானா திரும்பி வந்து கட்டிய வீட்டில், முன் அறையில், கண்ணாடி போட்டு மாட்டப் போகிறார். புத்தளத்தில் இருக்கிற தம்பிக்காரன் “அது சும்மா செப்பு” என்று நக்கலடிக்கிறானாம்.

“விலை எனக்குத் தேவையில்லை தம்பி. உண்மையான காசோ எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

பழங்காசு சேர்க்கிறவன் நான்; யார் காசு தந்தாலும் அவர் கண் முன்னாலேயே தராசில் நிறுத்து, இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்த பிறகுதான் வாங்குவேன். இன்று செய்யவில்லை. தாயைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கி நிற்கிற மனுசன் முன்னால் தராசை எடுக்க வெட்கமாக இருந்தது. ஞாயிறு வரச் சொன்னேன்.

அக். 8, புதன்

பற்றரி வாங்கியாயிற்று. குளிசையும்.

சனிக்கிழமை மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிற முறை. செபமாலை மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். பிலோமினா வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இருக்கக் கதிரை இல்லை, எல்லாம் முற்றத்தில் காய்கிறது.

நானாவின் காசு பிடி கொடுக்கவில்லை. பச்சை அழகு. ஆனால் எழுத்து மழுங்கல். கை பட்டுத் தேய்ந்ததா, உருக்கி ஊற்றிய போலி வார்ப்பா? ஆல்பத்திலிருந்து என் சொந்தச் சேதுக் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வங்காலையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியார் கிணறு வெட்டும்போது எடுத்துத் தந்தது. என்னிடம் உள்ளதில் முதல் தரம். அச்சில் அடித்தது, மாட்டின் கொம்பு இன்னும் கூராக நிற்கிறது. நானாவுடையதில் பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறதோ தெரியவில்லை. உண்மையாக இருக்கட்டும் என்று மனம் சொல்கிறது. அப்படி மனம் சொன்னால் உடனே கண்ணை நம்பக் கூடாது.

சாசரில் வைத்து அலுமாரிக்கு மேல், பாடுபட்ட சுரூபச் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம்.

அக். 10, வெள்ளி

இதை எழுத இரண்டு தாள் கிழித்தாயிற்று.

காலை மீன் வாங்கிக்கொண்டு வந்தால், சாசரில் நேற்று அடித்த சதம் போல ஒரு காசு. மெழுகுதிரிக் கால், பாடுபட்ட சுரூபம் எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் பிலோமினா பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

“மாதா வாற வீட்டில ஊத்தைக் காசோ? ஒரு மனுசன் தந்த சாமானைப் பாசி பிடிச்சபடியே திருப்பிக் குடுக்கிறது?”

கத்தினேன். அழுதாள். மீன் வெட்டாமலே கிடந்தது.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். அது இன்னும் மோசம். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு, வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். மாட்டின் முதுகில் ஊசிமுனைக் குழிகள், உருக்கி ஊற்றும்போது காற்று நின்றது. வார்ப்புத்தான். போலி. அந்தக் காலத்திலேயே எவனோ வார்த்து விற்றிருக்கிறான், நாசமாய்ப் போவான்.

பச்சையாகத் தந்த காசு. பளபளவென்று திருப்பிக் கொடுத்து, இது போலி என்றும் சொல்ல வேண்டும். கையில் படமும் இல்லை, நிறை எழுதிய குறிப்பும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் மாற்றிவிட்டான் என்றுதான் நினைப்பேன். நாற்பது வருசம் காசு சேர்த்தேன், ஒருவரும் என்னைக் கள்ளன் என்றதில்லை. பயமாக இருக்கிறது.

அக். 11, சனி

சுரூபம் வந்தது. நல்ல சனம். வந்தவர்களுக்கு ரோல்ஸ் போதாமல் போய்விட்டது, பிஸ்கற் கொடுத்துச் சமாளித்தோம். செபமாலையில் மனம் நிற்கவில்லை, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு பிலோமினா மெல்லச் சொன்னாள், உங்களுடையதைக் கொடுங்கோவன், அவருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது என்று. யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுப்பது, எத்தனை பேரை நான் அதற்காகத் திட்டியிருப்பேன்.

உள்ளதைச் சொல்வேன். என் காசைப் பக்கத்தில் வைத்து, அடித்ததற்கும் வார்த்ததற்கும் வித்தியாசம் காட்டினால் விளங்கிக்கொள்வார்.

அக். 12, ஞாயிறு

பூசை முடிந்து வர நானா வாசலில். ஒரு டசின் கோழிக்கூட்டு வாழைப்பழம் கொண்டு வந்திருந்தார்.

இரண்டு காசையும் மேசையில் வைத்துச் சொன்னேன். புளி, கோடு, குழி, எல்லாம். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பளபளத்ததைத் தொடவே இல்லை. பச்சை மாறாத என் காசை எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். பெருவிரலால் மாட்டைத் தடவினார்.

“இதுதான் தம்பி. எங்கட உம்மாட காசு.”

இல்லை நானா, அது வங்காலைச் சம்மாட்டியார் தந்தது என்றேன். அவர் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, செத்துப்போனார். சொல்லும்போது என் குரல் எனக்கே கள்ளக் குரலாகக் கேட்டது. பிலோமினா உள்ளேயிருந்து வந்து, தேய்த்தது நான்தான் என்றாள். அதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

சீலைத்துண்டை விரித்து, என் காசை நடுவில் வைத்து முடிந்தார். பளபளத்தது மேசையிலேயே கிடந்தது. நான் தடுக்கவில்லை.

படலை வாசல் வரை கூடப் போனேன். மோட்டார் சைக்கிளில் ஏற முன் என் தோளில் கை வைத்தார்.

“பயப்பிடாதேங்கோ தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”